சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோன அடிதடிப் புகார்: எப்.ஐ.ஆர். வரை கொண்டுபோவது எப்படி?

கேள்வியின் சாரம் இது: தெருத் தகராறில் மூன்று பேர் சேர்ந்து ஒருவரைக் கட்டையால் அடித்திருக்கிறார்கள். தலையில் தையல், கையில் வீக்கம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, அன்றிரவே ஸ்டேஷனில் புகார் கொடுத்தாகிவிட்டது. சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. அதன்பிறகு ஒரு வாரமாக "ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிச்சுக்கோங்க" என்ற பதில் மட்டும்தான். எப்.ஐ.ஆர். போட வைக்க என்ன வழி? அதுவரை பாதுகாப்புக்கு என்ன செய்வது?

தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துப் பதில் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் அமலில் இருக்கின்றன. இ.பி.கோ.வின் இடத்தில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பி.எஸ்.ஏ. (பாரதிய சாக்ஷ்ய அதினியம்). எண்கள் எல்லாம் மாறிவிட்டதால் 323, 324, 506 என்று பழைய எண்களைச் சொல்லிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். "அது பழைய சட்டம் சார்" என்ற ஒரு வரியிலேயே பேச்சு திசை மாறிவிடும்.

சி.எஸ்.ஆர். என்பது சமுதாயப் பணிப் பதிவேடு. புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது. நீதிமன்றத்துக்கு எந்தத் தகவலும் போகாது. புலனாய்வு என்று சட்டம் சொல்வது எதுவும் தொடங்காது. பாஸ்போர்ட் தொலைந்தது, பக்கத்து வீட்டுக்காரர் குப்பை கொட்டுகிறார் போன்ற மனுக்களுக்கு அது போதும். ரத்தக்காயத்துக்குப் போதாது. ஆனாலும் அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எந்தத் தேதியில், எந்த நேரத்தில் நீங்கள் புகாரோடு போனீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பின்னால் எப்.ஐ.ஆர். தாமதமானதற்குக் காரணம் நீங்கள் இல்லை என்று காட்டவும் அதுவே உதவும்.

இனி, போலீஸ் ஏன் எப்.ஐ.ஆர். போடாமல் இழுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சோம்பல், சிபாரிசு, வழக்கு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் ஆசை எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல நேரம் சட்டரீதியான காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைப் புகார்தாரரிடம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

வெறும் கையால் அடித்துச் சாதாரணக் காயம் ஏற்படுத்தினால் அது பி.என்.எஸ். 115(2). ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத வகைக் குற்றம். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் இதைப் புலனாய்வு செய்ய போலீசுக்கு அதிகாரமே இல்லை. பி.என்.எஸ்.எஸ். 174-இன்படி விவரத்தைப் பதிவேட்டில் எழுதி, உங்களை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும். ஆகவே புகாரில் "என்னை அடித்துவிட்டார்கள்" என்று மட்டும் இருந்தால், எஸ்.ஐ. எப்.ஐ.ஆர். போட மறுப்பது சட்டப்படி தவறில்லை.

அதே சம்பவத்தில் ஆயுதம் இருந்தால் கதை வேறு. கத்தி, அரிவாள் மட்டுமல்ல. தாக்குவதற்குப் பயன்படுத்தினால் உயிர் போக வாய்ப்புள்ள எந்தப் பொருளும் 118(1)-க்குள் வரும். மூன்றாண்டு வரை சிறை. பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஜாமீனில் விட முடியாத பிரிவு. கட்டை இதில் வருமா என்றால், அது எப்படிப்பட்ட கட்டை என்பதைப் பொறுத்தது. விறகுச் சுள்ளியும் கட்டைதான், மூன்றடி நீளச் சவுக்குக் கழியும் கட்டைதான். புகாரில் "கட்டையால்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஏறத்தாழ எத்தனை அடி நீளம், எவ்வளவு பருமன், எந்தப் பக்கத்தால் அடித்தார், உடம்பில் எங்கே பட்டது என்று எழுதினால் 118(1)-ஐத் தவிர்ப்பது கடினம்.

வழியை மறித்து நிறுத்தியிருந்தால் 126(2). பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியிருந்தால் 296(பி). இந்த இரண்டுமே போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியவை. தமிழ்நாட்டு அடிதடி எப்.ஐ.ஆர்.களில் இவை எப்போதும் ஒட்டிக்கொண்டு வருவதற்குக் காரணமும் இதுதான். ஒரு சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்து அவற்றில் ஒன்றாவது நேரடியாகப் பதியக்கூடியதாக இருந்தால், மொத்த வழக்கையும் அப்படியே பதியலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 174(4) சொல்கிறது. அதற்காக நடக்காததை எழுதச் சொல்லவில்லை. மறித்தது உண்மை என்றால் அதை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். காயத்தின் கோபத்தில் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

எலும்பு முறிவு இருந்தால் அது கொடுங்காயம். 117(2): ஏழாண்டு வரை சிறை. ஆயுதத்தால் ஏற்பட்ட கொடுங்காயம் என்றால் 118(2): குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். கொடுங்காயம் என்பதற்குப் பிரிவு 116 ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கண் பார்வை அல்லது காது கேட்கும் திறன் நிரந்தரமாகப் போவது, உறுப்போ மூட்டோ செயலிழப்பது, முகம் நிரந்தரமாகச் சிதைவது, எலும்பு அல்லது பல் உடைவது அல்லது இடம்பெயர்வது ஆகியவை அதில் வரும். உயிருக்கு ஆபத்தான காயமும் வரும். பதினைந்து நாள் கடும் வலியோடு இருந்தாலோ, அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் இது இருபது நாள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை ஊர் முழுக்க உண்டு: "ஜி.எச்.சில் அட்மிஷன் போட்டுப் படுத்தால்தான் கேஸ் வலுக்கும்." பதினைந்து நாள் கட்டிலில் படுத்திருந்ததாலேயே சாதாரணக் காயம் கொடுங்காயமாகிவிடாது. அன்றாட வேலை செய்ய முடியாத நிலை இருந்ததா என்பதுதான் கேள்வி. அதை மருத்துவக் குறிப்பு காட்ட வேண்டும். மாறாக, எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து "எலும்பு முறிவு இருந்தது" என்றால், அந்த முறிவு எப்போது வந்தது என்ற கேள்வி எழும். கையில் வீக்கம் குறையவில்லை என்றால் இன்றே எக்ஸ்ரே எடுங்கள். மூக்கில் அடி என்றால் அதற்குத் தனியாக எக்ஸ்ரே அல்லது சி.டி. வேண்டும். பல் ஆடினால் பல் மருத்துவரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். பல் விஷயத்தைப் பொது மருத்துவர் பெரும்பாலும் விட்டுவிடுவார். தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, அதிகமாகும் தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால், எப்.ஐ.ஆர். எல்லாம் அப்புறம், உடனே சி.டி. ஸ்கேன்.

மருத்துவமனையில் எழுதப்பட்ட விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி, இந்த வழக்கின் முதுகெலும்பு. பலரும் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. காயத்தின் நீள அகலத்தோடு, வந்தவர் டாக்டரிடம் என்ன சொன்னார் என்பதும் அதில் பதிவாகும்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், தெரிந்த நபர்களா தெரியாத நபர்களா, எத்தனை பேர், எதைக் கொண்டு தாக்கினார்கள். புகார் எழுதுவதற்கு முன்பே பிறந்த ஆவணம் அது. ஆகவே எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவதும் அதைத்தான். ஏ.ஆரில் "தெரிந்த 3 நபர்கள், கட்டை" என்று இருந்து, புகாரில் ஐந்து பேர், அரிவாள் என்று இருந்தால், அந்த வித்தியாசம் குறுக்கு விசாரணையில் வழக்கையே தின்றுவிடும். ஆத்திரத்தில் அண்ணன், தம்பி, மாமனார் என்று எதிர்வீட்டுக் குடும்பம் முழுவதையும் சேர்ப்பவர்கள் கடைசியில் உண்மையில் அடித்தவனையும் தப்பவிடுகிறார்கள்.

அதைவிட மோசமானது, வம்பு வேண்டாம் என்று பயந்து டாக்டரிடம் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்வது. அந்த வரி ஏ.ஆரில் ஏறிவிட்டால் இறக்குவது மிகக் கடினம். அப்படி நடந்திருந்தால், ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்பதைப் புகாரிலேயே எழுதிவிட வேண்டும். அழைத்துவந்தவர் பேசினாரா, நீங்கள் மயக்கத்தில் இருந்தீர்களா, கூடவே மிரட்டுபவர் நின்றாரா என்று. மறைத்தால் அது நீதிமன்றத்தில் வெளிவரும்.

தனியார் மருத்துவமனையில் முதலுதவி பெற்றிருந்தால், அங்கேயும் காவல்துறைக்குத் தகவல் அனுப்பியிருக்க வேண்டும். "போலீஸ் கேஸ், ஜி.எச். போங்க" என்று ரத்தம் ஒழுகும் ஆளைத் திருப்பி அனுப்ப எந்த மருத்துவமனைக்கும் உரிமையில்லை. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: முதலில் உயிர், சட்ட நடைமுறை பிறகு. தனியார் டாக்டரின் சீட்டு, மருந்து பில், ஸ்கேன் பிலிம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இப்போது எப்.ஐ.ஆர். பக்கம் வருவோம். லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொன்னது: நேரடியாகப் பதியக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் சொன்னால், எப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம். புகார் உண்மையா பொய்யா என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் பதிவேன் என்று சொல்ல முடியாது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், மிகத் தாமதமாக வந்த புகார் போன்றவற்றுக்குத்தான் அந்தத் தீர்ப்பு முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுத்தது.

பி.என்.எஸ்.எஸ். 173(3) இதில் ஒரு புதிய கதவைத் திறந்திருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதி பெற்று, பதினான்கு நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். 118(1) இந்த வரம்புக்குள் வருகிறது. உங்கள் ஸ்டேஷன் "விசாரணை நடக்குது" என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: டி.எஸ்.பி. அனுமதி எந்தத் தேதியில் வாங்கப்பட்டது? பதினான்கு நாள் எப்போது முடிகிறது? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அது 173(3) விசாரணை இல்லை, வெறும் இழுத்தடிப்பு. எலும்பு முறிவு உறுதியானால் இந்தக் கதவும் மூடிவிடும். 117(2)-க்கு ஏழாண்டு வரை தண்டனை. "ஏழுக்குக் குறைவு" என்பதில் அது அடங்காது.

நீங்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், விரிவான கூடுதல் புகார் ஒன்றை எழுதுங்கள். பழைய புகாரை மாற்றுவதாகச் சொல்லாதீர்கள். "ஏற்கெனவே இன்ன தேதியில் கொடுத்த, சி.எஸ்.ஆர். எண் இன்னது கொண்ட புகாரின் தொடர்ச்சியாக" என்று தொடங்குங்கள். உடல் பகுதி இப்படி இருந்தால் போதும்:

"…ஆம் தேதி இரவு சுமார் 7.30 மணிக்கு, … தெருவில் உள்ள டீக்கடை முன்பாக நான் நடந்து வந்தபோது, எனக்கு முன்பே தெரிந்த ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய நபர்கள் என்னை மேற்கொண்டு போகவிடாமல் வழிமறித்தனர். முதல் நபர் கையில் வைத்திருந்த சுமார் மூன்றடி நீளமுள்ள சவுக்குக் கட்டையால் என் தலையின் இடது பக்கம் ஒரு முறை அடித்தார். தடுத்தபோது வலது முன்கையில் இரண்டாவது அடி விழுந்தது. இரண்டாம் நபர் என்னைப் பின்னால் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நபர் அசிங்கமான வார்த்தைகளால் (சொன்ன வார்த்தைகள்) திட்டினார். சத்தம் கேட்டு வந்த இன்னார் என்னை 108 ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார். தலையில் … தையல் போடப்பட்டது."

யார் என்ன செய்தார் என்பது ஆளுக்கு ஆள் பிரிந்திருப்பதைக் கவனியுங்கள். "மூவரும் சேர்ந்து சரமாரியாகத் தாக்கினர்" என்று எழுதினால் பத்திரிகைச் செய்தி போல இருக்கும், வழக்குக்கு உதவாது. திட்டிய வார்த்தைகளை எழுதக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் வார்த்தை இல்லாமல் 296(பி) நிற்காது. தாமதம் இருந்தால் காரணம் ஒரு வரி. உங்கள் தரப்பிலிருந்தும் யாராவது திருப்பி அடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஸ்டேஷனில் ரைட்டர் "இப்படி எழுதினால் நிற்காது, நான் சொல்றபடி எழுதுங்க" என்பார். சில சமயம் நல்ல எண்ணத்தோடு சொல்வார். சில சமயம் பிரிவைக் குறைப்பதற்காகக் கட்டையை எடுத்துவிடச் சொல்வார். நீங்கள் எழுதியதைக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னாலும் அதை எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்பது 173-இன் விதி. படித்துக்காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் எதற்காகவும் போடாதீர்கள்.

சம்பவம் நடந்த எல்லை எங்கள் ஸ்டேஷன் இல்லை என்றால்? எந்த ஸ்டேஷனும் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும். ஜீரோ எப்.ஐ.ஆர். என்று சொல்லப்படும் இது இப்போது 173(1)-லேயே ஏறிவிட்டது. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் தரலாம். ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால்தான் அது பதிவுக்கு ஏறும். ஆன்லைனில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் கோட்டைவிடும் இடம் இது.

எப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம்; 173(2) அதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் எப்.ஐ.ஆரைப் பார்க்கலாம், பாலியல் குற்றம் போன்றவற்றைத் தவிர. நகல் கையில் வந்ததும் பிரிவுகளைப் பாருங்கள். கட்டை இருந்தும் 118(1)-ஐ விட்டுவிட்டு 115(2), 126(2) என்று மட்டும் போட்டிருக்கிறார்களா? பதற வேண்டாம். எக்ஸ்ரே அறிக்கையும் காயச் சான்றும் வந்தபின் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவது வழக்கம்தான். அந்த மாற்றம் நடக்க, ஸ்கேன் அறிக்கையின் நகலோடு புலனாய்வு அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போகும்.

எப்.ஐ.ஆரே வரவில்லையா? 173(4): புகாரின் சாரத்தை மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில், தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். கமிஷனரேட் நகரங்களில் துணை ஆணையர், ஆணையர். சி.எஸ்.ஆர். நகல், ஏ.ஆர். விவரம், சிகிச்சைச் சீட்டு இணைக்க வேண்டும். பல மாவட்டங்களில் புதன்கிழமைகளில் எஸ்.பி. அலுவலகத்தில் மனு விசாரணை நடக்கிறது. நேரில் போவது நல்லது, ஆனால் தபாலை விட்டுவிடாதீர்கள். அடுத்த படிக்கு அந்த ஒப்புகைதான் நுழைவுச் சீட்டு. முதல்வரின் தனிப்பிரிவுக்கும் 1100-க்கும் மனு போடுவதில் தவறில்லை. பெரும்பாலும் அது சுற்றிவந்து அதே இன்ஸ்பெக்டர் மேசைக்குத்தான் வரும். இருந்தாலும் அவர் பதில் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்த படி பி.என்.எஸ்.எஸ். 175(3). எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட்டிடம் மனு. புலனாய்வு செய்ய அவர் போலீசுக்கு உத்தரவிடலாம். உறுதிமொழிப் பத்திரம் கட்டாயம். 2015-இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது இப்போது சட்ட வரியாகவே இருக்கிறது. ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் போன சான்று இல்லாமல் நேரே இங்கே வந்தால் மனு திரும்பிவிடும். உத்தரவிடும் முன் போலீஸ் என்ன சொல்கிறது என்பதையும் மாஜிஸ்திரேட் கேட்பார். பலரும் இந்தப் படியைத் தாண்டி நேரடியாக உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள். சகிரி வாசு வழக்கில் 2007-லேயே உச்ச நீதிமன்றம் முதலில் மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்லிவிட்டது. பணமும் மாதங்களும் வீணாகும்.

மாஜிஸ்திரேட் போலீசை ஏவாவிட்டாலும் 223-இன்படி தனிப்புகாராக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். சாட்சிகளை நீங்களே கொண்டுவர வேண்டும். இப்போது எதிர்த்தரப்பையும் கேட்ட பிறகுதான் நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுக்கும். காலக்கெடுவை மறக்காதீர்கள்: ஓராண்டு வரை தண்டனை உள்ள 115(2) போன்றவற்றுக்கு ஓராண்டு, மூன்றாண்டு வரை உள்ளவற்றுக்கு மூன்றாண்டு. "பேசி முடிச்சுக்கலாம்" என்ற இழுவையில் ஓராண்டு ஓடிவிடுவது சகஜம்.

அந்தப் பேச்சுவார்த்தையைப் பற்றி. சமாதானம் ஆவது கெட்ட காரியமில்லை. பக்கத்துப் பக்கத்து வீடு, நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும், காயம் லேசு என்றால் அதுவே நல்ல முடிவாகவும் இருக்கும். ஆனால் ஸ்டேஷனில் எழுதிவாங்கும் சமாதானக் கடிதம் நீதிமன்ற உத்தரவு ஆகாது. அதில் "எனக்கு எந்தக் காயமும் இல்லை, தவறுதலாகப் புகார் கொடுத்துவிட்டேன்" என்ற வாசகம் நுழைந்துவிடும். அப்படி எழுதிக் கொடுத்தபின் அவர்கள் திரும்பவும் அடித்தால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். சமரசம் வேண்டுமென்றால் சம்பவம் நடந்ததை ஒப்புக்கொண்டு, சிகிச்சைச் செலவை வாங்கியதைக் குறிப்பிட்டு, "மேல் நடவடிக்கை தற்போது வேண்டாம்" என்று மட்டும் எழுதுங்கள். எப்.ஐ.ஆர். ஆனபிறகு 115(2)-ஐ நீதிமன்றத்தில் சமரசம் செய்யலாம். 117(2)-க்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். 118(1) சமரசப் பட்டியலிலேயே இல்லை, அதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

எதிர் வழக்கு. நீங்கள் புகார் கொடுத்த மறுநாளே அந்தப் பக்கமும் ஒருவர் அதே ஜி.எச்.சில் படுத்துக்கொள்வது நம் ஊரில் எழுதாத விதி. இரண்டு எப்.ஐ.ஆர். வரும், இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் முதலில் தாக்கியது என்று முடிவுக்கு வர வேண்டும். அவர்கள் உடம்பில் உண்மையிலேயே காயம் இருந்து, அது எப்படி வந்தது என்று உங்கள் புகாரில் ஒரு வரியும் இல்லையென்றால், நீங்கள் உண்மையை மறைக்கிறீர்கள் என்று நீதிமன்றம் கருதும். லக்ஷ்மி சிங் வழக்கு (1976) முதல் இது நிலைபெற்ற கோட்பாடு. அதனால்தான் திருப்பி அடித்ததையும் எழுதச் சொன்னேன்.

திருப்பி அடிக்க உரிமை உண்டு, எல்லையோடு. பி.என்.எஸ். 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை. உயிர் போகும், கொடுங்காயம் வரும், வன்புணர்ச்சி, கடத்தல், அமில வீச்சு என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அடித்தவன் கட்டையைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கிய கணத்தில் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. விரட்டிப் பிடித்து அடித்தால் நீங்களும் குற்றவாளி. பிடிக்கலாம்: உங்கள் கண்முன் ஜாமீனில் விட முடியாத, நேரடியாகப் பதியக்கூடிய குற்றம் செய்தவரை யாரும் பிடித்துவைக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 40). கட்டிவைத்து அடிக்கச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை.

சான்றுகளில் அவசரமானது சி.சி.டி.வி. கடைகளில் உள்ள ரெக்கார்டர் கொள்ளளவைப் பொறுத்து சில நாள் முதல் சில வாரத்துக்குள் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. இன்றே அந்த டீக்கடை, எதிர்க்கடை, பக்கத்து வீட்டுக் கேமராக்கள் எவை என்று பார்த்து, அவற்றைக் கைப்பற்றக் கோரி ஸ்டேஷனுக்கு எழுத்தில் கொடுங்கள். கடைக்காரர் சம்மதித்தால் ஒரு நகலும் எடுங்கள். திரையைப் போனில் படம்பிடிப்பது நினைவுக்கு உதவும், சாட்சியமாகப் பலவீனமானது. மின்னணுச் சாட்சியத்துக்கு பி.எஸ்.ஏ. 63(4) சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்கப்படுகிறது. உங்கள் போனில் எடுத்த காயப் படங்களையும் மூல போனிலேயே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி, மூலத்தை அழித்துவிடாதீர்கள். ரத்தக்கறைச் சட்டையைத் துவைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் போட்டுப் புலனாய்வு அதிகாரியிடம் கைப்பற்றுதல் மகஜர் (பொருளைக் கைப்பற்றியதற்கான எழுத்துப் பதிவு) போட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டிவைத்தால் பூஞ்சை பிடித்து வீணாகிவிடும்.

"எப்.ஐ.ஆர். போட்டும் கைது இல்லையே" என்பது அடுத்து வரப்போகும் கேள்வி. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது தானாக நடப்பதில்லை. அர்னேஷ் குமார் தீர்ப்புக்குப் (2014) பிறகு கைதுக்கான காரணத்தை எழுத வேண்டும்; பெரும்பாலும் பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான். அதை போலீஸ் விலைபோனதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மிரட்டல் தொடர்ந்தால், ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், சொன்ன வார்த்தையோடு எழுத்தில் கொடுங்கள். கைதுக்கும், ஜாமீனை எதிர்ப்பதற்கும், கிடைத்த ஜாமீனை ரத்து செய்யக் கோருவதற்கும் அதுதான் அடிப்படை. தொண்ணூறு நாளுக்குள் புலனாய்வின் நிலையை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193(3) சொல்கிறது, கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அமைதியைக் குலைப்பார் என்ற அச்சத்துக்காக பி.என்.எஸ்.எஸ். 126-இன்படி நிர்வாக நடுவர் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) முன் அமைதி காப்பதற்கான பிணை எழுதி வாங்குவது. ஓராண்டு வரை கட்டுப்படுத்தலாம். இன்ஸ்பெக்டர் அறிக்கை அனுப்பினால்தான் இது வேகமாக நகரும். எனவே மனுவில் இதைத் தனி வேண்டுகோளாக எழுதுங்கள். இரண்டு தரப்பின் மீதும் இதைப் போடும் பழக்கம் போலீசுக்கு உண்டு, தயாராக இருங்கள். மற்றொன்று, அவர்கள் வாசலில் வந்து நிற்கும் நேரத்துக்கானது: 112 அல்லது 100. காவல் உதவி செயலியின் அவசர பொத்தான் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்பும். போனில் முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: தெரு, அடையாளம், ஊர். பிறகு என்ன நடக்கிறது, எத்தனை பேர், ஆயுதம் இருக்கிறதா, காயம் இருக்கிறதா. பேர், பழைய தகராறு எல்லாம் கடைசியில். அழைப்பு துண்டித்தாலும் வண்டி வந்துசேர இடம் தெரிந்திருக்கும். அந்த அழைப்பின் நேரப் பதிவு பின்னால் யாரும் மாற்ற முடியாத சாட்சியும் ஆகும். கதவைத் திறந்து வெளியே போய் வாதம் செய்ய வேண்டாம். பேசுவதற்காகப் போனவர்கள்தான் பெரும்பாலும் அடிபடுகிறார்கள்.

கத்திக்குத்து நடந்துவிட்டால் கத்தியைப் பிடுங்காதீர்கள். உள்ளே இருக்கும் வரை அது ரத்தத்தையும் ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் துணியை வைத்து அசையாமல் பிடித்து 108-ஐக் கூப்பிடுங்கள். வெட்டுக்காயம் என்றால் சுத்தமான துணியை நேரடியாக வைத்து, ரத்தம் நிற்கிறதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடமாவது விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்று.

பாதிக்கப்பட்டவர் பெண் என்றாலோ, சிறுவர் என்றாலோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றாலோ மேலே சொன்னதில் சில மாறும். அமில வீச்சு, பாலியல் வன்முறை போன்றவற்றில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு பி.என்.எஸ். 199-இன்படி ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை கடுங்காவல் உண்டு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முதற்கட்ட விசாரணை என்ற பேச்சே கிடையாது (பிரிவு 18ஏ). டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். எப்.ஐ.ஆர். கட்டத்திலேயே நிவாரணத் தொகையின் ஒரு பகுதி கிடைக்கும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. காயத்தால் வேலை இழப்போ நிரந்தரக் குறைபாடோ ஏற்பட்டிருந்தால், பி.என்.எஸ்.எஸ். 396-இன் கீழ் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கும் அதே ஆணைக்குழுவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கிலும் இதைக் கேட்கலாம். எப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, சிகிச்சைச் செலவு ரசீதுகள், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இணைத்துவிடுங்கள்.